நாற்பத்திரண்டு மாத்திரைகள்

அத்தியாயம் 7

ரத்தத்தில் ஒன்றுமே இல்லை.

பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்த இரண்டு பக்க அறிக்கையை ஊசி மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டான். தூக்க மருந்து இல்லை. விஷம் இல்லை. மது இல்லை. கடைசியில் ஒரு கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் மட்டும் பளிச்சென்று இருந்தன.

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் கூட இருந்தவர்கள் வைத்தது. ஆள் ஒல்லி, வாய் அதைவிடக் கூர்மை. அந்த வேலையை விட்டுவிட்டு, துப்பறியும் நிலையம் நடத்தும் கண்ணாடி மேடத்திடம் வந்து மூன்று வருடமாகிறது. மேடம் இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இறந்துபோனவர்களின் காகிதங்களைச் சரிபார்த்தவர். அதில் தேய்ந்ததுதான் கண். மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியின் கனத்தைப் பார்த்தால் எதிரே இருப்பவருக்கே தலை வலிக்கும்.

"சட்டியில இருந்தாத்தானே மேடம் அகப்பையில வரும்? கேஸ் முடிஞ்சுது. டீச்சருக்கு ஃபோன் போட்டு, உங்க தம்பி பொண்டாட்டி ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லிடட்டுமா?"

மேடம் அறிக்கையை வாங்கி மேசை மேல் வைத்தார்.

"பதினோரு வருஷமா தினமும் தூக்க மாத்திரை போட்ட ஆளு. செத்த அன்னைக்கு ரத்தத்துல ஒரு பொட்டு கூட இல்லை. எங்க போச்சு அது?"

ஊசி அறிக்கையை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இறந்தவர் கேக் மாஸ்டர். வயது நாற்பத்தொன்பது. பேக்கரி வேலைக்கு விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்தாக வேண்டும். ஊர் விழித்திருக்கும் மாலை ஏழு மணிக்கே படுத்தாக வேண்டும். படுத்தால் தூக்கம் வரவில்லை என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு வாரத்துக்கு என்று சொல்லித்தான் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வாரம் முடியவே இல்லை. அரை மாத்திரை ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. போன மாதம் பதினேழாம் தேதி காலை, பாதி முகம் சவரம் செய்த நிலையில் குளியலறையில் கிடந்தார். வாஷ்பேசின் விளிம்பில் மண்டை மோதியிருந்தது. வழுக்கி விழுந்தார் என்று போலீஸ் எழுதி முடித்தது.

முடிக்க விடாதவர் அவருடைய அக்கா. அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். சாவுக்கு முன் பத்து நாள் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தார். சாயங்காலமானால் தம்பி மனைவி ஒரு பாட்டிலிலிருந்து வெள்ளை மாத்திரைகளை எடுத்து நீட்டுவதையும், தம்பி அதைப் போட்டுக்கொண்டு அரை மணியில் கட்டைபோல் சாய்வதையும் கண்ணால் பார்த்தார். பேச்சு குழறுகிறது, நேற்று சொன்னது இன்று நினைவில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக என் தம்பியைக் கொன்றுவிட்டாள் என்று சொல்லி, அந்தப் பாட்டிலிலிருந்து தான் எடுத்து வைத்ததாக ஒரு காகிதப் பொட்டலத்தை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ரத்தத்தைச் சோதிக்க வைத்ததும் அவர் பிடிவாதம்தான். கையோடு, தம்பியின் இருபது வயது மகளையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அந்தப் பெண் இந்த ஐந்து வாரமாகப் பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடம் பிரேத பரிசோதனைக் காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்த இரண்டு இடங்களை ஊசியிடம் காட்டினார். முகத்தில் ஆறு சிறிய பிளேடு கீறல்கள். சில புதியவை, சிலவற்றில் பொருக்கு கட்டியிருந்தது. நாக்கின் இடது ஓரத்தில் பல் பதிந்த ஆழமான காயம்.

முதலாவதைப் படித்ததும், பிளேடை மாற்றச் சொல்லி யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம் என்றான் ஊசி. இரண்டாவதைப் படித்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"வழுக்கி விழறவன் நாக்கு ஓரத்தை இப்படிக் கடிக்க மாட்டான் மேடம். வண்டியில நிறையப் பேரைப் பாத்திருக்கேன். இது ஃபிட்ஸ்."

"அவருக்கு அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட ஃபிட்ஸ் வந்ததில்லை. கிளம்பு."

பேக்கரியின் பின்கட்டில் அடுப்பின் அனல் முகத்தில் அடித்தது. மாவு பிசையும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கேக் மாஸ்டரின் மேசை மட்டும் துடைத்து வைத்தபடி சும்மா கிடந்தது. கிரீம் பிழியும் கூம்புகள் ஒரு டம்ளரில் தலைகீழாக நின்றன. கவுன்ட்டரில் நிற்கும் பெண் அந்த இடத்தைப் பார்க்காமலே பேசினாள். மாஸ்டரின் கை எவ்வளவு நிதானமானது என்று சொன்னாள். அச்சு வைத்தாரா, கையால் எழுதினாரா என்று வாங்க வருபவர்கள் சண்டை போடுவார்களாம்.

"அவர் எழுதினது ஏதாவது பார்க்க முடியுமா?" என்று மேடம் கேட்டார்.

பார்க்க முடியும் என்றாள். டெலிவரிக்கு முன் ஒவ்வொரு கேக்கையும் கடை ஃபோனில் படம் எடுத்து வைப்பது அங்கே வழக்கம். பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு. போன மாதப் படங்கள் தேதி வாரியாக அப்படியே இருந்தன.

மேடம் ஃபோனை மூக்கருகே வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஊசி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். ஐந்தாம் தேதி, எட்டாம் தேதி, பதினொன்றாம் தேதி. 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று கிரீமில் எழுதிய வரி, நூல் பிடித்ததுபோல் இருந்தது. குறிப்பாக அந்த 'ழ'. பிழிந்த கையை ஒரே வீச்சில் சுழற்றி வாலை இழுத்திருந்தார். பன்னிரண்டாம் தேதி அந்த வால் லேசாக நெளிந்தது. பதின்மூன்றில் வரி முழுவதும் மேலும் கீழும் ஏறி இறங்கியது. பதினான்கில் 'ழ' இரண்டு இடத்தில் உடைந்து, ஒட்டுப் போடப்பட்டிருந்தது.

"நான் மூணாம் வகுப்புல எழுதினது மாதிரியே இருக்கு மேடம்," என்றான் ஊசி. "எனக்காவது பிரம்பு பயம்."

பதினைந்திலும் பதினாறிலும் வாழ்த்தே இல்லை. கிரீமால் அப்பிய பூக்கள் மட்டும்தான் இருந்தன.

"எழுத்து வேணாம், பூ போதும்னு வாங்கினவங்க சொன்னாங்களா?"

கவுன்ட்டர் பெண் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாஸ்டர்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எழுத்து கேட்டால் இல்லையென்று சொல்லிவிடு என்றாராம். கை நிற்கமாட்டேன் என்கிறது, வேர்த்து ஊற்றுகிறது, மூன்று நாளாகக் கண்ணே மூடவில்லை என்றாராம். டாக்டரிடம் போகச் சொன்னதற்கு, ஆர்டர் குவிந்து கிடக்கிறது, வெள்ளிக்கிழமை போகிறேன் என்றாராம். வெள்ளிக்கிழமைதான் பதினேழாம் தேதி.

வெளியே வந்ததும் ஊசி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"தூக்க மாத்திரை போடற ஆளு மூணு நாளா தூங்கலைன்னா, மாத்திரைக்கே தூக்கம் வந்துடுச்சா மேடம்?"

"பன்னிரண்டாம் தேதி கை ஆட ஆரம்பிச்சிருக்கு, முகத்துல இருந்த கீறலும் அதனாலதான்," என்றார் மேடம். "அதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி என்னமோ நடந்திருக்கு. அவங்க வீட்டுக்கு ஓட்டு."

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்த கேக் மாஸ்டரின் மனைவி, வந்தவர்கள் யார் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்தும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவள் உடம்பு பாதியாகியிருந்தது. சுவரோரம் மகளின் புத்தகங்கள் அப்படியே அடுக்கியிருந்தன.

மாத்திரை கொடுத்தது தான்தான் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அக்காவுக்குத் தெரிந்தால் திட்டுவார், சொல்லாதே என்று கணவர் கேட்டுக்கொண்டதால் யாரிடமும் சொன்னதில்லை. முதல் ஒரு மாதம் அது நல்லதைத்தான் செய்தது. மனிதர் தூங்கி எழுந்து சிரித்த முகமாக வேலைக்குப் போனார். அதன்பிறகு அவர் மாத்திரையை விட்டாலும் மாத்திரை அவரை விடவில்லை. நாலு வருடத்துக்கு முன் ஒரு பயணத்தில் பாட்டிலை மறந்துவிட்டுப் போய் இரண்டே நாளில் கைகால் உதறலெடுத்துத் திரும்பி வந்தார். அன்றைக்குத்தான் டாக்டர் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாராம்: பென்சோடயஸெப்பைன் என்ற வகை மருந்து இது, மூளை இதற்குப் பழகிவிட்டது, விட வேண்டுமானால் மாசக்கணக்கில் துளித்துளியாகக் குறைத்துத்தான் விட வேண்டும், ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். இந்த வருடம் குறைக்க ஆரம்பிப்போம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"அதனாலதான் மேடம் நானே என் கையால எடுத்துக் குடுப்பேன். ஒரு நாள் தவறக் கூடாதுன்னு. கை நடுங்க ஆரம்பிச்சதும் டாக்டருக்கு ஃபோன் பண்ணேன். மாத்திரையை நிறுத்திட்டாரான்னு அவர் முதல்ல அதைத்தான் கேட்டார். இல்லை சார், தினமும் நான்தான் குடுக்கறேன்னு சொன்னேன். அப்ப வேற ஏதோ, வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்கன்னார்."

மேடம் அந்தப் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கூடவே மருந்துக்கடை ரசீதும் இருந்தது. ஒன்றாம் தேதி, அறுபது மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்து எல்லாவற்றையும் பாட்டிலில் கொட்டி வைப்பது கணவரின் பழக்கம் என்றாள். ஊசி ஒரு செய்தித்தாளை விரித்து, மாத்திரைகளைக் கொட்டி, விரல் நுனியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினான். இருபத்தெட்டு.

டீச்சர் கொடுத்த பொட்டலத்தில் எத்தனை என்பது மேடத்துக்கு மனப்பாடம். முதல் நாளே எண்ணி ஃபைலில் குறித்திருந்தார். நாற்பத்திரண்டு.

ஊசி மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். எழுபது வந்தது. மறுபடி கூட்டினான். மறுபடியும் எழுபதுதான்.

"அறுபது வாங்கி, பதினாறு நாள் தின்ன பிறகு எழுபது மீதி," என்று மேடத்தின் காதருகே முணுமுணுத்தான். "பாட்டிலுக்குள்ள குட்டி போட்டிருக்கு மேடம்."

சொல்லிக்கொண்டே ஒரு மாத்திரையை எடுத்து நாக்கு நுனியில் வைத்துவிட்டான். மேடம் அவன் மணிக்கட்டைத் தட்டினார். மாத்திரை தரையில் உருண்டது. ஊசி உருண்ட மாத்திரையைப் பார்க்கவில்லை. மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிக்குது மேடம்."

"அவரும் ஒரு நாள் அப்படித்தான் சொன்னார்," என்றாள் மனைவி. "கம்பெனி மாத்திட்டானோ என்னவோ, இனிக்குதேன்னு. வாயில போட்டதும் தண்ணியை ஊத்திக்குவார். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசலை."

சர்க்கரைக்குப் பதிலாகக் காப்பியில் போடும் மாத்திரை. சின்னது, வெள்ளை, உருண்டை. மேடம் குரலை உயர்த்தாமல், இந்த வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டார்.

"எங்க யாருக்கும் இல்லை மேடம். அவரோட அக்காவுக்குத்தான் இருக்கு."

தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடம் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்து, மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஊசி தலையாட்டினான். மாடிப்படி இறங்கும்போது அவன் ஒரு நக்கலும் அடிக்கவில்லை.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் திருத்த வேண்டிய நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. உள்ளறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தம்பி மகள் மாதிரி அல்ல, சொந்த மகள் மாதிரிதான் அவளை வைத்திருக்கிறேன் என்று முதல் சந்திப்பிலேயே டீச்சர் சொல்லியிருந்தார். சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடியே அறிக்கையைப் படித்தார். ஆய்வகத்தில் தவறு செய்திருக்கிறார்கள் என்றார்.

மேடம் அதை மறுக்கவில்லை. ஒரு கணக்கு இருக்கிறது, டீச்சர் போட்டுத் தர வேண்டும் என்றார்.

"ஒண்ணாம் தேதி அறுபது மாத்திரை. ஒரு நாளைக்கு ரெண்டு. ஒன்பதாம் தேதி ராத்திரி போட்ட பிறகு மீதி எத்தனை?"

"நாற்பத்திரண்டு." முப்பத்தைந்து வருடப் பழக்கம், யோசிக்கவே இல்லை.

"நீங்க எங்ககிட்ட குடுத்தது நாற்பத்திரண்டு. அப்ப பாட்டில்ல எத்தனை இருக்கணும்?"

டீச்சர் பேனாவை நோட்டின் மேல் வைத்தார்.

"இருபத்தெட்டு இருக்கு டீச்சர். அதெல்லாம் இனிக்குது."

டீச்சர் பயப்படவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒளிக்க ஒன்றும் இல்லை என்றார். பத்தாம் தேதி மத்தியானம், அவள் கடைக்குப் போயிருந்தபோது மாற்றினேன். சொன்னால் திருட்டுத்தனம் என்பார்களே என்றுதான் உங்களிடம் சொல்லவில்லை.

"விஷத்தை எடுத்துட்டு வெறும் இனிப்பைப் போட்டேன். இதுல என்ன தப்பு? அதுக்கப்புறம்தான் எனக்கு என் தம்பி திரும்பக் கிடைச்சான். கண்ணு முழிச்சு உட்கார்ந்து என்கூடப் பேசினான். எத்தனை வருஷமாச்சு தெரியுமா அவன் அப்படிப் பேசி? அதைப் பொறுக்காமத்தான் அவ வேற எதையோ குடுத்து முடிச்சிட்டா."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைச் செய்யும்போது அவருக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியாது; அதற்காகத்தான் செய்கிறார் என்று ஊசிக்குத் தெரியும். பிறகு டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். பதினோரு வருடம் பழகிய மூளை. துளித்துளியாகக் குறைக்க வேண்டியது. ஒரே நாளில் நின்றால் முதலில் தூக்கம் போகும், பிறகு நடுக்கம், வேர்வை, கடைசியில் வலிப்பு. ஊசி, பேக்கரியிலிருந்து அனுப்பச் சொல்லி வாங்கியிருந்த படங்களைத் தன் ஃபோனில் திறந்து டீச்சரின் முன் வைத்தான்.

டீச்சர் ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். பதினொன்று. பன்னிரண்டு. பதினான்கில் அவர் விரல் நின்றது. உடைந்த அந்த 'ழ'வைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"கை நடுங்குதுக்கான்னு என்கிட்ட சொன்னான். சரியாயிடும்டான்னேன்." டீச்சர் மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணு முழிச்சு உட்கார்ந்திருந்தது... பேசணும்னு இல்லையா? தூங்க முடியாமத்தானா?"

ஆமாம் என்று மேடம் தலையை அசைத்தார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன மாத்திரை, எதுக்குன்னு. பத்து நாள் அந்த வீட்ல இருந்தேன். உப்பு எங்கன்னு கூட நான் அவகிட்ட கேட்டதில்லை."

தம்பியைக் கொல்ல நினைத்துச் செய்ததில்லை என்பது தனக்குத் தெரியும், ஆனால் நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதிப் போலீஸிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மேடம் சொன்னார். பதினோரு வருடம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்த டாக்டரைப் பற்றியும் எழுதுவேன் என்றார். நாளைக் காலையில் கொடுக்கிறேன். இன்று சாயங்காலம் உங்களுடையது.

டீச்சர் எழுந்தார். சிவப்புப் பேனாவின் மூடியை மாட்டப் பார்த்தார், அது பொருந்தவில்லை, மேசை மேல் அப்படியே வைத்துவிட்டார். உள்ளறையைப் பார்த்து மருமகளைக் கூப்பிட்டு, செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அம்மாவிடம் போகிறோம் என்றார்.

கதவு திறந்தது. அப்பாவின் சாயலிலேயே இருந்த பெண். "நான் வரலை அத்தை. அவ மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

"நீ முழிக்கக் கூடாத மூஞ்சி இதுதாம்மா. வா. வழியில சொல்றேன்."

ஊசி வண்டியை மெதுவாக ஓட்டினான். மேடம் முன்னால். அத்தையும் மருமகளும் பின்னால். முதல் திருப்பம் தாண்டியதும் டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். பத்தாம் தேதி மத்தியானத்திலிருந்து, ஒரு படியும் விடாமல், தனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சேர்க்காமல் சொன்னார்.

"வண்டியை நிறுத்துங்க," என்றாள் அந்தப் பெண்.

ஓரமாக நிறுத்தினான். அவள் இறங்கி, மூடிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். தோள்கள் குலுங்கின. டீச்சர் கதவில் கை வைத்தார். மேடம் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். பஸ்கள் போயின. வேலை முடிந்து போகிறவர்கள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள். ஊசி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கால் மணி நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்கதவைத் திறக்கவில்லை. முன்கதவருகே நின்றாள். மேடம் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் பின்னால் போய் டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எங்க அம்மா தனியா இருப்பாங்க," என்றாள். "கொஞ்சம் வேகமா போங்க."